உள்ளேயே இருக்கும் வசதியா, ஆட்-ஆனா: ஃபைலில் என்ன மிஞ்சும் என்று பாருங்கள்

நாலு வருஷத்துக்கு முன்னால் முடித்துக் கொடுத்த அனிமேஷன் வேலை அது. அதிலிருந்து ஒரே ஒரு காட்சியை மாலை வெளிச்சத்தில் மாற்றித் தர முடியுமா என்று கேட்டு வந்தார்கள். விளக்குகளை மாற்றினால் போதும், ஒரே நாளில் தந்துவிடலாம் என்று ஒப்புக்கொண்டு பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் ஃபைலைத் திறந்தேன். ஆட்கள் நடந்தார்கள், கேமரா நகர்ந்தது. பின்னால் வரிசையாக நின்ற கொடிகள் மட்டும் அட்டையில் வெட்டி ஒட்டியது போல விறைத்து நின்றன. அசைவுகளை இயக்கும் கணக்குகளைக் காட்டும் டிரைவர் எடிட்டரைத் திறந்தால் ஒவ்வொரு கொடிக்கும் ஒரே எச்சரிக்கை: பைத்தான் வரி செல்லாது. கொடியை எப்போது, எவ்வளவு ஆட்டுவது என்ற கணக்கு ஃபைலிலேயே இல்லை. அது ஒரு சின்ன ஆட்-ஆனுக்குள், அதாவது மென்பொருளோடு தனியாகச் சேர்க்கும் துணை நிரலுக்குள், இருந்தது. அந்த ஆட்-ஆன் புதிய பதிப்பில் ஏறவில்லை. எழுதியவரும் அதைக் கைவிட்டு வெகுநாளாகியிருந்தது.

பழைய பிளெண்டரைத் தேடி இறக்கினேன். ஆட்-ஆனின் பழைய பிரதி ஒன்றை ஒரு ஹார்டுடிஸ்கின் மூலையிலிருந்து கண்டெடுத்தேன். கொடிகளின் அசைவை ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் கீஃப்ரேமாக பேக் செய்தேன், அதாவது கணக்கு இல்லாமலே ஓடும்படி ஃபைலிலேயே பதித்தேன். அப்புறம்தான் விளக்கில் கை வைக்க முடிந்தது. ஒரு நாள் வேலை நாலு நாள் ஆனது. அதிலிருந்து, மென்பொருளோடு வரும் வசதியை வைத்துச் செய்வதா, ஆட்-ஆனைப் போடுவதா என்ற யோசனை வரும்போதெல்லாம் நான் முதலில் கேட்டுக்கொள்வது இதைத்தான்: இந்த ஆட்-ஆனை நாளைக்கு எடுத்துவிட்டால் என் ஃபைலில் என்ன மிஞ்சும்?

பொதுவாக இந்த ஒப்பீடு வேறு மாதிரி நடக்கும். எது வேகம், எதில் வசதி அதிகம், எது இலவசம், எதற்குக் காசு. இவையும் பார்க்க வேண்டியவைதான், மறுக்கவில்லை. ஆனால் இவை இன்றைய வேலைக்கான கேள்விகள். ஃபைல் நம்மோடு பல வருஷம் இருக்கப் போகிறது.

மிஞ்சுவதை வைத்துப் பிரித்தால்

லூப்டூல்ஸ் என்று ஒரு ஆட்-ஆன் பிளெண்டரில் பலருக்கும் பழக்கம். கோணல்மாணலாக இருக்கும் வெர்டெக்ஸ் புள்ளிகளைத் தேர்ந்தெடுத்து ஒரு கட்டளை கொடுத்தால் அழகான வட்டமாகிவிடும். அதன் வேலை அந்த நொடியோடு முடிந்தது. ஆட்-ஆனை நீக்கினாலும் வட்டம் வட்டமாகவே இருக்கும், ஏனென்றால் ஃபைலில் மிஞ்சியது வெறும் மெஷ், உருவத்தின் வலைப்பின்னல். இந்த வகை ஆட்-ஆனுக்கு நான் இரண்டாவது முறை யோசிப்பதே இல்லை. பிடித்திருந்தால் போடுங்கள், பிடிக்காவிட்டால் எடுங்கள். மெனுவில் ஒரு வரி குறையும், அவ்வளவுதான்.

ரிகிஃபை என்ற ஆட்-ஆன் கொஞ்சம் நடுவில் நிற்கிறது. அது ஒரு கதாபாத்திரத்துக்கு முழு எலும்புக்கூட்டையும் கட்டுப்பாடுகளையும் உண்டாக்கித் தருகிறது. உண்டாக்கிய பிறகு மிஞ்சுவது பிளெண்டரின் சாதாரண எலும்புகளும், அவற்றை ஒன்றோடொன்று பிணைக்கும் கன்ஸ்ட்ரெயின்ட்களும். கூடவே ஃபைலுக்குள் ஒரு சின்ன பைத்தான் ஸ்கிரிப்டும் இருக்கும். பக்கவாட்டுப் பேனலில் கை, கால்களை அசைக்கும் முறையை மாற்றும் பட்டன்களைக் காட்டுவது அந்த ஸ்கிரிப்ட்தான். வெளியிலிருந்து வரும் ஸ்கிரிப்டைப் பிளெண்டர் தானாக ஓட்டாது, அனுமதி கேட்கும். அனுமதிக்காவிட்டால் பட்டன்கள் வராது. ஆனால் எலும்பைப் பிடித்து இழுத்தால் கை வரும். ஐகே (நுனியைப் பிடித்து இழுப்பது), எஃப்கே (ஒவ்வொரு மூட்டாகத் திருப்புவது) என்ற முறைகளை மாற்றும் மதிப்புகள்கூட எலும்பின் கஸ்டம் பிராப்பர்ட்டியாகத்தான் இருக்கின்றன, தேடிப் போய் மாற்றலாம். வசதி குறையும், வேலை நிற்காது. ஒரு ஆட்-ஆன் எழுதினால் இப்படி எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

மூன்றாவது வகைதான் என் கொடிகளைச் சாய்த்தது. ஃபைல் திறந்திருக்கும் ஒவ்வொரு நொடியும் ஆட்-ஆனும் உயிரோடு இருந்தாக வேண்டும். இதன் வலி இசைக்காரர்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். ஸ்டைன்பெர்க் நிறுவனம் 1996-ல் தன் இசை மென்பொருளான குபேஸோடு, பிளகின்களை (இசை மென்பொருளின் ஆட்-ஆன்களை) இணைக்கும் வி.எஸ்.டி. முறையைக் கொண்டுவந்தது. 1999-ல் அதன் இரண்டாம் பதிப்பில் இசைக்கருவிகளும் பிளகினாயின. அப்படிப்பட்ட கருவியை வைத்த ட்ராக்குக்கு பிராஜெக்ட் ஃபைலில் இருப்பது எந்த ஸ்வரம், எவ்வளவு நேரம் என்ற குறிப்பும் பிளகினின் அமைப்புகளும் மட்டும். ஒலி பிளகினில் இருக்கிறது. புரோ டூல்ஸ் என்ற இசை மென்பொருளின் 11-ஆம் பதிப்பு வந்த 2013-ல் அதன் பழைய ஆர்.டி.ஏ.எஸ். வகைப் பிளகின்கள் நின்றன. 2019-ல் மேக்கின் கேட்டலினா பதிப்பு 32-பிட் செயலிகளை ஓட்டுவதை நிறுத்தியது, அதோடு பழைய 32-பிட் பிளகின்களும் போயின. அந்த பிராஜெக்ட்களைத் திறந்தால் ட்ராக் இருக்கும், ஸ்வரம் வரிசையாகத் தெரியும், சத்தம் வராது. அதனால்தான் அனுபவப்பட்டவர்கள் வேலை முடிந்ததும் ஒவ்வொரு ட்ராக்கையும் தனித்தனி ஆடியோவாகப் பதிவு (பவுன்ஸ்) செய்து பிராஜெக்டோடு வைக்கிறார்கள். 3டி வேலையில் பேக் செய்வதும் இதே பழக்கம்தான்.

உள்ளே இருப்பதற்கு யார் காவல்

இனி மறுபக்கம். மென்பொருளுக்குள்ளேயே இருக்கும் வசதி ஏன் பெரும்பாலும் நிலைக்கிறது? எழுதுபவர்கள் கெட்டிக்காரர்கள் என்பதற்காக இல்லை. பழைய ஃபைலைப் புதிய பதிப்பில் திறக்க வைக்கும் பொறுப்பை அங்கே யாரோ ஏற்றிருக்கிறார்கள்.

ஒரு உதாரணத்தைக் கிட்டே போய்ப் பார்ப்போம். 2023 நவம்பரில் வந்த பிளெண்டர் 4.0-ல், ஒரு பரப்பின் நிறத்தையும் பளபளப்பையும் தீர்மானிக்க எல்லோரும் தினமும் தொடும் பிரின்சிபிள்ட் ஷேடரை மாற்றி அமைத்தார்கள். உள்ளீடுகளின் பெயர்கள் மாறின. ‘கிளியர்கோட்’ என்று இருந்தது ‘கோட் வெயிட்’ ஆனது, ‘ஸ்பெக்குலர்’ என்று இருந்தது ‘ஸ்பெக்குலர் ஐ.ஓ.ஆர். லெவல்’ ஆனது. பழைய ஃபைலைத் திறந்தவருக்கு இது பெரிதாகத் தெரிந்திருக்காது. ஃபைல் திறக்கும்போதே பழைய மதிப்புகளைப் புதிய பெயர்களுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் நிரல் பிளெண்டருக்குள் எழுதப்பட்டிருந்தது. ஒவ்வொரு பிளெண்ட் ஃபைலுக்குள்ளும், அதைச் சேமித்த பதிப்பின் எண்ணும், அதில் தரவு எந்த அமைப்பில் இருந்தது என்ற விவரமும் சேர்ந்தே எழுதப்படுகின்றன. அவற்றைப் படித்துத்தான் இந்த மாற்றம் நடக்கிறது.

ஆனால் ஆட்-ஆன்கள்? மெட்டீரியல் உருவாக்கும் ஆட்-ஆன்களில் பல, உள்ளீட்டைப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடும். ‘ஸ்பெக்குலர்’ என்று கூப்பிட்டதும், அப்படி ஒன்று இல்லை என்று பைத்தான் பிழை காட்டி நின்றது. ஒரே மாற்றம், ஒரே நாள். உள்ளே இருந்ததற்கு மொழிபெயர்ப்பாளர் இருந்தார், வெளியே இருந்ததற்கு இல்லை. நான் எழுதி வைத்திருந்த ஒரு மெட்டீரியல் ஸ்கிரிப்டும் அன்றைக்குப் படுத்தது. திருத்தப் பத்து நிமிஷம்தான் ஆனது, நானே எழுதியது என்பதால். வேறொருவர் எழுதியதாக இருந்தால் காத்திருக்க வேண்டியதுதான்.

அதற்காக உள்ளே இருப்பதெல்லாம் என்றைக்கும் இருக்கும் என்று நம்பிவிட வேண்டாம். 2019 ஜூலையில் வந்த பிளெண்டர் 2.8, விளையாட்டுகளை ஓட்டும் கேம் எஞ்சினையும், காட்சியைப் படமாக்கும் பழைய இன்டர்னல் ரெண்டரரையும் எடுத்துவிட்டது. இன்னொரு 3டி மென்பொருளான மாயாவில் வருஷக்கணக்கில் கூடவே வந்த மென்டல் ரே என்ற ரெண்டரர் 2017 பதிப்பில் இல்லை, அதன் இடத்தில் ஆர்னால்ட் வந்தது. மென்டல் ரேயில் அமைத்த ஷேடர்களை வைத்திருந்தவர்களுக்கு, அது உள்ளே இருந்த வசதி என்பதால் ஆறுதல் எதுவும் கிடைத்திருக்காது.

இன்னொன்றும் உண்டு, இதைப் பலர் கவனிப்பதில்லை. புதிதாக உள்ளே வந்த வசதியும் ஆட்-ஆன் அளவுக்கே நிலையில்லாதது. நோட் எனும் சின்னச் சின்னப் பெட்டிகளை இணைத்து உருவங்களைக் கட்டும் ஜியோமெட்ரி நோட்ஸ் 2021 பிப்ரவரியில் 2.92 பதிப்போடு வந்தது. அதே ஆண்டு முடிவதற்குள் வந்த 3.0-ல் ஃபீல்ட்ஸ் என்ற புதிய முறைக்கு மாறியது. பழைய நோட்களுக்கு ‘லெகசி’ என்று முத்திரை குத்திக் கொஞ்ச காலம் வைத்திருந்து, பின்னால் எடுத்துவிட்டார்கள். முதல் பத்து மாதத்தில் ஆசை ஆசையாக அதில் கட்டியவர்கள் திரும்பக் கட்ட வேண்டியிருந்தது. எனவே ‘உள்ளே இருக்கிறதா’ என்று கேட்பதோடு ‘எத்தனை பதிப்பாக இருக்கிறது’ என்றும் கேளுங்கள்.

முதலில் வருவது ஆட்-ஆன்தான்

இவ்வளவு சொன்ன பிறகும், ஆட்-ஆன் இல்லாத உலகை நான் விரும்பவில்லை. நாம் இன்று உள்ளேயே இருக்கிறது என்று சாதாரணமாகப் பயன்படுத்தும் பல வசதிகளை முதலில் செய்து காட்டியது வெளியே இருந்தவர்கள். படத்தில் ஒரு கம்பத்தை அழித்துவிட்டு, சுற்றியிருப்பதை வைத்து அந்த இடத்தைத் தானாக நிரப்பும் வித்தையைப் போட்டோஷாப் 2010-ல் சி.எஸ்.5 பதிப்பில் கொண்டுவந்தபோது ஊரே வியந்தது. கிம்ப் என்ற இலவசப் பட மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்கள் ரீசிந்தசைசர் என்ற பிளகினை வைத்து அதற்கு முன்பே அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தார்கள். விளையாட்டு உருவாக்கும் மென்பொருளான யூனிட்டியில் எழுத்துகளைக் கூர்மையாகக் காட்டும் டெக்ஸ்ட்மெஷ் புரோ, வெளியே விற்ற பொருள். 2017-ல் யூனிட்டியே அதை வாங்கித் தன்னோடு சேர்த்துக்கொண்டது. பிளெண்டரில் அனிமேஷன் நோட்ஸ் என்ற ஆட்-ஆனை எழுதியவர், பின்னால் பிளெண்டர் குழுவிலேயே சேர்ந்து ஜியோமெட்ரி நோட்ஸைக் கட்டியவர்களில் ஒருவரானார்.

இதில் ஒரு காரணம் இருக்கிறது. உள்ளே ஒரு வசதியைச் சேர்த்தால் எல்லோருக்கும் பொருந்த வேண்டும். கட்டடம் வரைபவர், கார்ட்டூன் செய்பவர், விளையாட்டு உருவாக்குபவர் எல்லோரும் ஒரே மெனுவைத்தான் பார்க்கிறார்கள். ஆட்-ஆனுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. எனக்கு இப்படித்தான் வேண்டும் என்று ஒருவர் பிடிவாதமாக எழுதலாம், அதே பிடிவாதம் உள்ள ஐநூறு பேர் அதைக் கொண்டாடலாம்.

சரி, ஒரு நிஜமான முடிவை எடுத்துப் பார்ப்போம். ஒரு மலைச்சரிவு முழுக்க மரம் நட வேண்டும். பிளெண்டரோடு வருவதை வைத்துச் செய்தால், சரிவின் பரப்பின் மேல் புள்ளிகளைத் தூவ ஒரு நோட், புள்ளிகளில் மரத்தை வைக்க ஒரு நோட். இந்த இரண்டும் அடிப்படை. ஆனால் செங்குத்தான இடத்தில் மரம் வேண்டாம், பாதையை விட்டு விலகி நிற்க வேண்டும், தூரத்தில் எண்ணிக்கை குறைய வேண்டும் என்று கேட்கத் தொடங்கினால் நோட்கள் கூடிக்கொண்டே போகும். இதையெல்லாம் தயாராக வைத்திருக்கும் ஸ்கேட்டர் ஆட்-ஆன்கள் கிடைக்கின்றன. முதல் மணி நேரத்திலேயே காடு வந்துவிடும்.

இங்கேதான் என் கேள்வி உதவுகிறது. இன்று இப்படிப்பட்ட ஆட்-ஆன்களில் சில, அடியில் ஜியோமெட்ரி நோட்ஸையே பயன்படுத்துகின்றன. அவை உண்டாக்கும் நோட் தொகுப்பு ஃபைலிலேயே இருக்கும். ஆட்-ஆன் இல்லாத கணினியில் திறந்தாலும் காடு நிற்கும், எளிய பேனல் மட்டும் இருக்காது. அப்படியானால் தயங்காமல் வாங்கலாம். வேறு சில, தங்கள் சொந்தக் கணக்கில் தூவிவிட்டு, அமைப்புகளைத் தங்களுக்கே உரிய முறையில் வைத்திருக்கும். அவற்றில் முடிவை நிரந்தர மெஷ்ஷாகவோ, ஒரே மரத்தைத் திரும்பத் திரும்பக் காட்டும் இன்ஸ்டன்ஸாகவோ மாற்றும் வழி இருக்கிறதா என்று பார்க்காமல் பெரிய வேலையைத் தொடங்காதீர்கள். சோதிப்பது சுலபம்: சின்னதாக ஒரு காட்சி செய்து சேமியுங்கள், ஆட்-ஆனை அணைத்துவிட்டு பிளெண்டரை மூடித் திறந்து அதே ஃபைலை ஏற்றுங்கள். ஐந்து நிமிஷத்தில் பதில் கிடைத்துவிடும். இந்த ஐந்து நிமிஷத்தை முன்பு நான் செலவழித்திருந்தால் அந்த நாலு நாளில் மூன்று மிச்சமாகியிருக்கும்.

எழுதுகிற பக்கத்திலிருந்து

கருவியை உருவாக்குபவருக்கும் இதே முடிவு வேறு உருவில் வருகிறது. என் யோசனையை மென்பொருளுக்குள்ளேயே சேர்க்க முயல்வதா, ஆட்-ஆனாக விடுவதா?

ஆட்-ஆனாக விட்டால் இன்றைக்கு எழுதி இன்றைக்கே தரலாம். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். ஆனால் பதிப்பு மாறும்போதெல்லாம் பின்னால் ஓட வேண்டும். பிளெண்டரின் 2.7 வரிசையிலிருந்து 2.8-க்கு ஒரு ஆட்-ஆனைக் கொண்டுபோனவர்களைக் கேளுங்கள். பொருள்களைப் பிரித்து வைக்கும் இருபது லேயர்கள் போய் கலெக்‌ஷன்கள் வந்தன. மேட்ரிக்ஸ்களைப் பெருக்க நட்சத்திரக் குறி போட்ட இடங்களிலெல்லாம் அட் குறி போட வேண்டியிருந்தது. பிராப்பர்ட்டியை அறிவிக்கும் சமன் குறி முக்காற்புள்ளியாக மாறியது. ஒவ்வொன்றும் ஒரு எழுத்து மாற்றம்தான், ஆனால் ஆயிரம் வரியில் எங்கெல்லாம் என்று தேடுவது எளிதல்ல. கிம்ப் 2.10, பைத்தான் 2-ஐ வைத்தே பிளகின்களை ஓட்டியது. 2025 மார்ச்சில் கிம்ப் 3.0 பைத்தான் 3-க்கு வந்தபோது பழைய பைத்தான் பிளகின்களைத் திருத்தி எழுத வேண்டியதாயிற்று. எழுதியவர் இருந்தவை பிழைத்தன.

வேகமும் ஒரு விஷயம். பைத்தானில் ஒவ்வொரு வெர்டெக்ஸாகச் சுற்றி வந்தால் பெரிய மெஷ்ஷில் திணறும். மொத்த தரவையும் ஒரே வீச்சில் நம்பை (NumPy) என்ற பைத்தான் கருவியின் எண் வரிசையாக எடுத்துக் கணக்குப் போட்டுத் திருப்பி வைக்க வழி இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டாலே பாதிக் குறை தீரும். தீராதது அன்டூ. பயனர் ஒரு முறை அன்டூ அழுத்தினால், ஆட்-ஆன் கையில் பிடித்து வைத்திருந்த பொருள்களின் முகவரிகள் செல்லாமல் போகலாம். அதைத் தொட்டால் பிளெண்டரே விழும். ஆட்-ஆன் எழுதுபவர்களுக்கான பிளெண்டரின் ஏ.பி.ஐ. ஆவணமே இதை எச்சரிக்கிறது. பெயரை மட்டும் வைத்துக்கொண்டு ஒவ்வொரு முறையும் புதிதாகத் தேடி எடுக்க வேண்டும். உள்ளே சி, சி++ மொழிகளில் எழுதுபவருக்கும் சிரமங்கள் உண்டு, ஆனால் அன்டூவோடு இப்படி வெளியிலிருந்து மல்லுக்கட்ட வேண்டாம்.

உள்ளே சேர்ப்பதன் விலை வேறு. சேர்த்த ஒவ்வொரு அமைப்பும் ஃபைலில் எழுதப்படும். ஃபைலில் எழுதியதை அடுத்த பல ஆண்டுகளுக்குப் படிக்க வைக்க வேண்டும். அந்தச் சுமை எழுதியவர் போன பிறகும் மற்றவர்கள் தோளில் இருக்கும். அதனால் பராமரிப்பாளர் ஒருவர் நம் யோசனைக்கு ‘வேண்டாம், ஆட்-ஆனாக வைத்துக்கொள்ளுங்கள்’ என்று சொன்னால் அதில் அலட்சியம் இருப்பதாக நினைக்க வேண்டியதில்லை. நான் செய்வது இதுதான்: தரவு தொடர்பானது, அதாவது ஃபைலில் தங்கப் போவது, உள்ளே இருக்க வேண்டும் என்று வாதாடுவேன். வேலை செய்யும் முறை தொடர்பானது, அதாவது எந்தப் பட்டன் எங்கே, எத்தனை படிகளை ஒன்றாக்குவது போன்றவை, ஆட்-ஆனாக இருக்கட்டும். பல நேரங்களில் உள்ளே கேட்க வேண்டியது முழு வசதியை அல்ல, ஆட்-ஆன் பிடித்துக்கொள்ள ஒரு கொக்கியை மட்டும்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு ஏற்பாடும் இருந்தது: மென்பொருளோடு கூடவே வந்து, அணைத்து வைக்கப்பட்டிருக்கும் ஆட்-ஆன்கள். பிளெண்டரில் நீண்ட காலம் இது நடந்தது. 2024 ஜூலையில் 4.2 வந்தபோது அவற்றில் பெரும்பாலானவை தனி எக்ஸ்டென்ஷன் தளத்துக்குப் போயின. ரிகிஃபை, நோட் ராங்லர் போன்ற சில மட்டும் கூடவே தங்கின. லூப்டூல்ஸ் போனது. இணையம் இல்லாத கணினிகளில் வேலை செய்பவர்களுக்கு இது சிரமம்தான், ஃபைலாக இறக்கிக் கொண்டுபோய் நிறுவ வேண்டும். ஆனால் பொறுப்பு யாருடையது என்பது தெளிவானது என்ற அளவில் நல்லது என்றே நினைக்கிறேன். அதே மாற்றத்தில், ஒரு எக்ஸ்டென்ஷன் ஃபைல்களைத் தொடுமா, இணையத்துக்குப் போகுமா என்று முன்கூட்டியே அறிவிக்க வேண்டும் என்றும் வந்தது. கவனம்: இது அறிவிப்பு, பூட்டு அல்ல. ஆட்-ஆன் என்பது உங்கள் கணினியில் உங்கள் அனுமதியோடு ஓடும் முழு நிரல். யார் எழுதியது என்று தெரியாததைப் பெரிய வேலை இருக்கும் கணினியில் போடாதீர்கள்.

இப்போது என் பழக்கம் இப்படி ஆகியிருக்கிறது. நீண்ட நாள் வாழ வேண்டிய வேலையை நீண்ட கால ஆதரவு உள்ள எல்.டி.எஸ். பதிப்பில் மட்டும் தொடங்குகிறேன். 2.83-லிருந்து வரும் இந்தப் பதிப்புகளுக்கு இரண்டு ஆண்டு திருத்தங்கள் கிடைக்கின்றன. வேலை முடிந்ததும் அந்த பிளெண்டரின் ஜிப்பையும், பயன்படுத்திய ஆட்-ஆன்களின் ஜிப்களையும் பிராஜெக்ட் ஃபோல்டரிலேயே போட்டுவிடுகிறேன். ஆட்-ஆன் உயிரோடு இருந்தால்தான் அசையும் என்று எதுவும் இருந்தால், அதை பேக் செய்த இன்னொரு பிரதியையும் சேர்த்து வைக்கிறேன்.

அந்தக் கொடிகளின் கணக்கை ஜியோமெட்ரி நோட்ஸில் திரும்பக் கட்டினேன். ஆட்-ஆனில் மூன்று ஸ்லைடரில் முடிந்த வேலை, இதில் பதினேழு நோட். பார்க்க அழகாக இல்லை, கட்டவும் ஒரு முழு மாலை பிடித்தது. எந்த ஆட்-ஆனும் இல்லாத கணினியில் ஃபைலைத் திறந்து ஓட்டினேன், கொடிகள் ஆடின. வேலையை வெளியே அனுப்பப் பெயர்களைச் சரிசெய்து ஏற்றுமதி செய்யும் சின்ன ஸ்கிரிப்ட் ஒன்று என்னிடம் இருக்கிறது. அது ஃபைலில் எதையும் விட்டுவைப்பதில்லை, அதனால் அதை ஆட்-ஆனாகவே வைத்திருக்கிறேன்.